பச்சை எழுத்தில் வந்த மன்னிப்பு

ராப்பகலா ஸ்கிரீனப் பாத்துட்டிருந்த வெனிங் அக்காவைத் தூங்குமூஞ்சின்னு சொல்லி வேலைய விட்டுத் தூக்கிட்டீங்க. அதுக்கு ஆஸ்பத்திரிக்காரங்க முன்னாடி நான் சாட்சி வேற சொல்லணுமா, இபு லஸ்த்ரி மேடம்? சும்மா உக்காருங்க.

ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜு சூடாயி தடுப்பூசியெல்லாம் பாழாப் போச்சு, ஃபிரிட்ஜக் கண்காணிக்கிற நம்ம சாஃப்ட்வேர் ஸ்கிரீன்ல சொல்லியும் அக்கா கவனிக்கலன்னு முதலாளி பாக் ஹந்தோயோ சொல்றாரு. அது என்ன சொல்லுச்சுன்னு பாத்தீங்களா? மன்னிக்கவும், சிறு அசௌகரியம், தயவுசெய்து பொறுத்தருளவும். எந்த ஃபிரிட்ஜு, எவ்ளோ சூடு, யாரு ஓடணும்? ஒரு மண்ணும் கிடையாது! அதுவும் பச்சை எழுத்துல. கதவு தொறந்துச்சு, மூடுச்சுன்னு ஓடுற தகவலோட தகவலா இதுவும் ஓடிருச்சு. தூ, பாக்கவே அருவருப்பா இருக்கு.

எரர்னா சிவப்புல வரணும்னு நான் வந்த அன்னிக்கே சொன்னேன். நம்ம சோலோ ஊர்ல பெரியவங்க முன்னாடி இப்படிக் கத்தறது மரியாதையாம்மா, வாடிக்கையாளர் முகம் சுளிப்பாங்கன்னாரு முதலாளி. வீடு பத்தி எரியும்போது, ஐயா கொஞ்சம் வெளிச்சமா இருக்குன்னா சொல்வீங்க?

என்னது? பயிற்சிக்கு வந்த காலேஜ் பொண்ணுக்கு வாய் நீளமா? ஆமா, நீளம்தான். அக்காவுக்கு இனி இந்த ஊர்ல எவன் வேலை குடுப்பான், அதச் சொல்லுங்க மொதல்ல.

சாட்சிதானே? கட்டாயம் சொல்றேன். இன்னிக்குக் காலையில நடந்ததச் சொல்றேன்.

கண்ணு இருக்கறவளுக்குத் தெரியாதான்னு முதலாளி எகிறினாரு. சரி, அப்ப அக்கா நாற்காலியில நீங்களே உக்காருங்க, நம்ம சோதனை ஃபிரிட்ஜ சூடாக்கிக் காட்டறேன், கண்டுபிடிங்கன்னேன். உக்காந்தாரு. ஒரு தட்டு சோயா டெம்பே வறுவல், காப்பி. கண்ண ஸ்கிரீன விட்டு அந்தாண்ட இந்தாண்ட நகத்தல, பொய் சொல்லக் கூடாது. நான் பக்கத்து ரூமுக்குப் போயி ப்ளக்கப் புடுங்கிட்டு வந்து அவருக்குப் பின்னாடி நின்னேன். டெம்பே தீந்துச்சு. ஃபிரிட்ஜும் சூடாயிருச்சு. அந்த மன்னிப்பு வரியும் அவரு மூக்குக்கு முன்னாடி வந்துச்சு, பச்சையோட பச்சையா போயிருச்சு.

அப்புறமா சாவகாசமாத் திரும்பி, எப்பம்மா ஆரம்பிக்கப் போறன்னு கேட்டாரு.

முடிஞ்சே போச்சு, பாக் ஹந்தோயோன்னேன்.