ஒழுகாத குவளை

நான் செய்த முக்காலி ஆடும், ஐயா. மூன்று கால் வைத்த சாமான் ஆடவே ஆடாது என்பார்கள்; நான் ஆட வைத்திருக்கிறேன். சந்தேகமிருந்தால் போத்தனூருக்கு வந்து என் கார் ஷெட்டைப் பாருங்கள். கார் வெளியே வெயிலில் நிற்கும். உள்ளே நான் செய்த சாமான்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கும்.

பம்ப் செட் கம்பெனி ஸ்டோரிலிருந்து ஓய்வு பெற்றதும் எனக்குத் தச்சு வேலைப் பைத்தியம் பிடித்தது. செய்வதையெல்லாம் வீடியோ எடுத்து, 'லட்சுமிநாராயணன் மரப்பட்டறை' என்று யூடியூபில் போடுவேன். முடிவில் "இன்னைக்குக் கத்துக்கிட்ட பாடம்" என்று ஒன்று சொல்வேன். பசை காய்வதற்கு முன் உட்காரக் கூடாது, இந்த மாதிரி. பாடத்துக்கு மட்டும் பஞ்சமே வந்ததில்லை.

பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அதில் தவறாமல் பார்த்தவர் நஞ்சுண்டன். என் மனைவி கலாமணியின் அண்ணன், பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. நீங்கள் விசாரிப்பது அவர் சாவைத்தானே, அதற்குத்தான் வருகிறேன்.

மச்சான் தங்கமான மனிதர். அலமாரி வீடியோ போட்டேன், உடனே கீழே எழுதினார்: "நல்லா இருக்குதுங்க மாப்ளை. ஆனா, கதவு சாத்துமுங்களா?" சாத்தாது. புத்தக ஷெல்ஃபுக்கு எழுதினார்: "அருமைங்க. ஆனா, புஸ்தகம் வெக்காத வரைக்கும் நிக்குமுங்க." என் வீடியோவைவிட அவர் எழுதியதற்குத்தான் லைக் அதிகம் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை கறிச்சோற்றுக்கு வந்தால், முக்காலியில் உட்காருவதற்கு முன் அதைத் தொட்டுக் கும்பிடுவார். கலாமணி கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பாள். நானும்தான் சிரித்தேன்.

அவர் மரியாதை இல்லாமல் பேசியிருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். எங்கள் பக்கத்தில் அதுதான் சிக்கல். தோலை உரித்தாலும் 'ங்க' போட்டுத்தான் உரிப்பார்கள். அதற்குப் போய்க் கோபித்துக்கொண்டால் நாம்தான் பண்பு கெட்டவன். சரி, 'ங்க' இருந்துவிட்டுப் போகட்டும். அந்த 'ஆனா' தான் எனக்கு எரிந்தது. ஒரே ஒரு தடவை, 'ஆனா' இல்லாத ஒரு 'நல்லா இருக்குதுங்க' அவர் வாயிலிருந்து வர வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. வேங்கை மரக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்து, விடிந்ததும் குடித்தால் குறையும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "ஒண்ணு கடைஞ்சு குடுங்க மாப்ளை. ஆனா, ஒழுகாமப் பாத்துக்குங்க" என்றார்.

என்னிடம் வேங்கைக் கட்டை இருந்தது. பக்கத்திலேயே எட்டிக் கட்டையும் கிடந்தது. அது அவர் தோப்பு வேலியோரம் வெட்டிய மரம்; அவரேதான் கொடுத்தனுப்பினார். "எட்டிங்க. கரையான் தொடாது. ஆனா, வாயில கீயில வெச்சுப்போடாதீங்க, வெசம்" என்று ஃபோனில் சொல்லவும் செய்தார். ஆகவே தெரியாமல் நடந்துவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தேன். வேங்கையில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. எட்டி நல்ல கெட்டி. அவர் கேட்டது ஒழுகாத குவளை. ஒழுகாத கட்டையை எடுத்தேன். நிறத்துக்கு வேங்கைத் தூளைக் கொதிக்க வைத்துப் பூசினேன். அன்றைக்கு லேத்தில் என் கை ஒரு தடவைகூடப் பிசகவில்லை. தண்ணீர் ஊற்றி, செய்தித்தாள்மேல் வைத்துவிட்டுப் போய், மறுநாள் வந்து பார்த்தேன். தாள் நனையவே இல்லை. கிழவன் ஷெட்டுக்குள் கூத்தாடியதை நல்லவேளை யாரும் பார்க்கவில்லை.

சில நாளில் மச்சான் கூப்பிட்டார். "கசப்புல உசுரே போகுதுங்க மாப்ளை. மருந்துன்னா கசக்கத்தானுங்களே செய்யும். சொட்டுக்கூட ஒழுகலைங்க. நல்லா இருக்குதுங்க."

நான் ஃபோனைக் காதோடு வைத்துக் காத்திருந்தேன். 'ஆனா' வரவில்லை. "வெச்சர்றேனுங்க" என்று வைத்துவிட்டார்.

அப்போதே சொல்லியிருக்கலாம், குடிக்காதீர்கள் என்று. சொன்னால் குவளையைத் தூக்கி எறிந்திருப்பார். நான் செய்ததிலேயே உருப்படியான ஒன்று குப்பைக்குப் போவதா? மனசு வரவில்லை. பிறகு கை கால் இழுக்கிறது, தாடை இறுகுகிறது என்றார்கள். நானும் கலாமணியும் போய்ப் பார்த்தோம். "மருந்துத் தண்ணிய மட்டும் உட்டுப்போடாதீங்கண்ணா" என்று அவளே தன் கையால் குடிக்கக் கொடுத்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதும் குவளையின் அடியில் ஈரம் கசிகிறதா என்றுதான் குனிந்து பார்த்தேன்.

நஞ்சுண்டன் என்று பேர் வைத்திருந்தார்கள். அந்தப் பேருக்குரிய சாமி தொண்டையோடு நிறுத்திக்கொண்டது. மச்சான் விழுங்கிப்போட்டார்.

காரியமெல்லாம் முடிந்தபின் அந்தக் குவளை வீடியோவைப் போட்டேன். போடாமல் இருந்திருந்தால் இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன். யுஸ்ரா என்று ஒரு பெண், மரங்களைப் பற்றிப் படிப்பவளாம், கீழே எழுதினாள்: "சூப்பருங்க அங்கிள். ஆனா, கட்டை வேங்கை மாதிரித் தெரியலீங்களே, எட்டி மாதிரியில்ல இருக்குது?" வீடியோவையே அழித்திருக்கலாம். என் வாழ்நாளில் எதற்கும் விழாத லைக் அதற்கு விழுந்திருந்தது, எப்படி அழிப்பேன்? கலாமணியும் படித்தாள். அண்ணன் தோப்பில் வெட்டிய மரம் அவளுக்கும் தெரியும். பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறிப் போய், குவளையை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்து உங்களிடம் கொடுத்துவிட்டாள். இந்த ஒரு சாமானைப் பார்த்துத்தான் அவள் சிரிக்கவில்லை.

ஆமாம், நான்தான் கொன்றேன். தெரிந்தே கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மச்சான்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சற்றுமுன் நீங்கள் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேலை சுத்தமாத்தானுங்க இருக்குது. ஆனா, ஒரு உசுரு போயிருச்சுங்களே" என்றீர்கள். நான் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்களுக்கும் சர்க்கரை இருக்கிறது என்று ஏட்டு சொன்னார். ஷெட்டில் அந்தக் கட்டை இன்னும் ஒரு துண்டு கிடக்கிறது, ஐயா. கடைந்தால் ஒழுகாது.