தம்பிக்கு விட்டுவைத்த இரண்டு எழுத்துகள்

கீபோர்டு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கண்ணால் வாங்குகிறார்கள். விளக்கு எரிகிறதா, நிறம் அழகாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். விரலால் வாங்க வேண்டும். உங்கள் மேசையில் இருப்பது ரப்பர் வைத்த சாதாரணக் கீபோர்டு. அதில் நாள் முழுக்க அறிக்கை அடித்தால் சாயங்காலம் விரல் நுனி மரத்துப்போகும். மெக்கானிக்கல் கீபோர்டில் அப்படி ஆகாது. ஒவ்வொரு விசைக்கும் கீழே தனி ஸ்விட்ச், அதற்குள் தனி ஸ்பிரிங். அழுத்தினால் இறங்கும், விட்டால் விரலைத் தானே மேலே தூக்கிவிடும்.

என் பெயர் டொனால்ட். கெமாஸ் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவன். ஆபீசில் தட்டச்சு செய்தே வயது போயிற்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தோட்டத்து ஓரத்து வீட்டில் நானும் தம்பி கீத்தும் இருந்தோம். தங்கை எலெய்ன் குடும்பத்தோடு சுங்கை காடுட்டில் இருக்கிறாள். அங்கே தொழிற்சாலையில் வேலை.

கீத்தைப் பற்றி நீங்கள் விசாரித்திருப்பீர்கள். சிரம்பானிலிருந்து கெமாஸ் வரை எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மைக் அவன் கையில்தான் இருக்கும். அவன் வாயைத் திறந்தால் மண்டபம் சிரிக்கும். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். "நீங்க கீத்தோட அண்ணனா?" என்று யாராவது கேட்பார்கள். நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் மேடைப் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

பிறகு அவனுக்கு அந்த நோய் வந்தது. தசைகளை ஒவ்வொன்றாகச் சோரச் செய்யும் நோய். முதலில் நாக்கு போயிற்று. பிறகு கால்கள், இடது கை. மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் கொஞ்சம் அசைந்தன. போனில் எழுதிப் பார்த்தான். நடுங்கும் விரல் பட்ட இடமெல்லாம் எழுத்து விழுந்தது. நல்ல கீபோர்டாக வாங்கித் தரலாம் என்று சொன்னவன் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சிரம்பான் கடையில் நட்டாலி என்று ஒரு பெண். பொறுமையானவள்.

"யாருக்கு அங்கிள்?"

"தம்பிக்கு. விரல்ல பலமில்ல."

"அப்ப லைட் ஸ்பிரிங்தான் சரி. விரல மேல வெச்சாலே எறங்கிரும். ட்ரை பண்ணிப் பாருங்க லா."

தொட்டுப் பார்த்தேன். உதிர்ந்த செம்பனைப் பழம் புல்லில் விழுவது போல ஒரு மெல்லிய சத்தம். அத்தனை வருடம் எதன்மேல் தட்டிக்கொண்டிருந்தேன் என்று வருத்தமாக இருந்தது. கனமான ஸ்பிரிங் போட்ட ஒன்றையும் அவள் காட்டினாள். விரலை ஊன்றி அடிப்பவர்களுக்கு அதுதான் பிடிக்குமாம். விசையின் மூடியைக் கழற்றி, ஸ்விட்சைத் திறந்து, ஸ்பிரிங்கை எப்படி மாற்றுவது என்றும் செய்து காட்டினாள். அப்போது என் மனத்தில் எதுவும் இல்லை. கற்றுக்கொள்வது நல்லது என்று நினைத்தேன்.

வீட்டில் அதை டிவியோடு இணைத்தோம். கீத் அடிக்கும் எழுத்து திரையில் பெரிதாக விழும். தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்பான். முதலில் அவன் அடித்தது "மைக் டெஸ்டிங்". எலெய்ன் அழுதுகொண்டே சிரித்தாள்.

அதன் பிறகு வீட்டில் ஆள் குறையவில்லை. ஜெபக்கூட்டத்துக்காரர்கள் வந்தார்கள். பக்கத்து வீட்டு மங்கம்மாக்கா, கோயில் பிரசாதத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த எழுத்து எது என்று பார்ப்பார்கள். வாய் இருந்த காலத்தில்கூட அவனுக்கு அவ்வளவு கவனம் கிடைத்ததில்லை.

குழாய் வழியாக அவனுக்குச் சாப்பாடு கொடுத்தவன் நான். குளிப்பாட்டினேன், புரட்டிப் படுக்க வைத்தேன், மலஜலத்தைச் சுத்தம் செய்தேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவன் உடம்பில் ஒரு புண் கிடையாது. டாக்டரே அதைப் பாராட்டியிருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். தோட்டத்தில் யானை புகுந்த கதையை நான் சொல்லத் தொடங்கினேன். பாஸ்டர்கூட என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதியில் திரையில் எழுத்து ஓடியது. "அண்ணே சொல்லி முடிக்கறதுக்குள்ள யானைக்கு வயசாயி செத்துரும்."

மங்கம்மாக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நானும் சிரித்தேன். அதற்காகத்தான் செய்தேன் என்று நீங்கள் நினைத்தால் என்னைத் தவறாகப் புரிந்துகொள்கிறீர்கள். நான் அவ்வளவு சின்ன மனிதன் இல்லை.

மத்தியானம் அவன் தூங்கும்போது கீபோர்டை எடுத்து அடிப்பேன். அவன் எழுதியது போலவே வேடிக்கையாக எழுதிப் பார்ப்பேன். திரையில் பெரிதாகத் தெரியும். சிரிக்க ஆள் இருக்காது. ஆனால் விரலுக்கு அது பெரிய சுகம். ஒரே ஒரு குறைதான்: கடினமாக அடித்துப் பழகிய என் கைக்கு ஸ்பிரிங் மிகவும் லேசாக இருந்தது. கனமானவற்றை ஆன்லைனில் வரவழைத்தேன்.

முதலில் A. ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பவனுக்கு A இல்லாவிட்டால் வாக்கியமே இல்லை. ஸ்விட்ச் அதேதான், மூடி அதேதான், உள்ளே ஸ்பிரிங் மட்டும் வேறு. நல்ல கை இருப்பவர்கள் அழுத்தினால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

மறுநாள் காலையில் அவன் என்னைக் கூப்பிட நினைத்தான். விரலை A மேல் வைத்தான். இறங்கவில்லை. மறுபடி வைத்தான். பிறகு விரலைத் தூக்கி, விரலைப் பார்த்தான். கீபோர்டை அல்ல, விரலைப் பார்த்தான். வேலை சுத்தமாக அமைந்திருக்கிறது என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

ஒன்று ஒன்றாகத்தான் மாற்றினேன். நோய் எப்படி மெதுவாக நடக்குமோ அப்படி. I, N, U, E. திரையில் அவன் வார்த்தைகள் பொத்தலாக விழத் தொடங்கின. பார்க்க வந்தவர்கள் முதலில் ஊகித்துப் படித்தார்கள். பிறகு டிவியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அவன் தலையைத் தடவிக்கொடுத்து எழுந்து போனார்கள்.

எலெய்ன் வந்தபோது என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். "கையும் போயிருச்சாண்ணே?"

"டாக்டர் சொன்னதுதானே எலெய்ன். மெதுவா எல்லாம் போகும்."

"பாவம்ணே நீங்க. ஒத்த ஆளா எல்லாத்தையும் பாக்குறீங்க."

அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

எல்லா எழுத்தையும் நான் பறித்துவிடவில்லை. O, K இரண்டையும் லேசாகவே விட்டுவைத்தேன். நலமா என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல அவனுக்கு ஏதாவது வேண்டும். ஒரு மனிதனை ஒன்றுமே சொல்ல முடியாதவனாக ஆக்குவது கொடுமை.

அவனுக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்து ஒரு காலை வேளையில். விரலை ஒவ்வொரு விசையாக வைத்துக்கொண்டே போனான். O இறங்கியது. பக்கத்தில் P இறங்கவில்லை. K இறங்கியது. அதன் பக்கத்து L இறங்கவில்லை. எந்த நோயும் இரண்டு எழுத்தை மட்டும் விட்டுவைக்காது. கீத் புத்திசாலி. மெல்லக் கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தான். நான் அவன் வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டு, "என்னப்பா, ஓகேவா?" என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள். வீடு அமைதியாக இருந்தது. அவன் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேசுவேன். ஆபீசில் நடந்தது, ஒரு காலத்தில் எனக்குப் பிடித்திருந்த பெண், அப்பா என்னை அடித்தது, எல்லாவற்றையும் பேசினேன். அவன் கேட்டான். கண்ணை மூடிக்கொண்டால் கன்னத்தில் தட்டி எழுப்புவேன். யாரும் குறுக்கே பேசவில்லை.

வயிற்றுவலி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. முகம் வெளுத்து வியர்த்தது. விரல் கீபோர்டில் ஓடியது. கனமான விசைகளை எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. தோட்டத்துக் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் டிரெசர் சந்திரனைக் கூப்பிட்டேன். கூப்பிடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சந்திரன் குனிந்து, "கீத், எங்க வலிக்குது? அடிச்சுக் காட்டு" என்றார்.

கீத் தனக்கு இருந்த எழுத்தை அடித்தான். திரை நிறைய O, K, O, K என்று விழுந்தது. விரல் நிற்கவில்லை.

"ஓகேன்னு போடுறாரு லா" என்றார் சந்திரன்.

"கண்ண படபடன்னு சிமிட்டுறானே, டிரெசர்?" என்று நானே முந்திக்கொண்டு கேட்டேன்.

"ஆமா, அது ஏன்?"

"அது சும்மா. இப்பல்லாம் கண்ணும் அவன் சொன்னபடி கேக்கறதில்ல."

"அப்ப ஆங்கின்தான். காத்து புடிச்சிருக்கும். மருந்து தரேன்" என்று கொடுத்துவிட்டுப் போனார். அவரை இதில் இழுக்காதீர்கள். அவர் பார்த்ததைத்தான் சொன்னார்.

குடல்வால் வெடித்திருந்தது என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒரு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றும் சொன்னார்கள்.

அடக்கம் முடிந்து எலெய்ன் கீபோர்டை ஞாபகத்துக்கு என்று எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு மனமில்லை, ஆனால் எப்படி மறுப்பது? அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு அதில் நன்றிக் கடிதம் அடிக்க உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு எழுத்து மட்டும் விரல் பட்டதும் இறங்கியிருக்கிறது. நட்டாலியிடம் கொண்டுபோய்த் திறந்து பார்த்திருக்கிறாள். இப்போது என் போனை அவள் எடுப்பதில்லை.

தெரிந்தேதான் செய்தீர்களா என்று நான்காவது தடவையாகக் கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். தெரிந்துதான். வலி வயிற்றில் என்று எனக்குத் தெரியும். காற்று இல்லை என்றும் தெரியும். A-யின் ஸ்பிரிங்கை மாற்ற அதிக நேரம் ஆகாது, பழையவை மேசை டிராயரில்தான் இருந்தன. போனும் என் சட்டைப் பையில் இருந்தது. ஆனால் மறுநாள் மத்தியானம் வரை நான் பேசிக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் சர்ச்சிலிருந்து சி ரூசா கடற்கரைக்குப் போனோம். கீத் மணலில் நின்று பாடிக்கொண்டிருந்தான், எல்லாரும் அவனைச் சுற்றி. என்னை அலை இழுத்துக்கொண்டு போனது. கத்தினேன். ஒருவரும் திரும்பவில்லை. நானே கரையேறி, ஈரத்தோடு கூட்டத்தின் பின்னால் வந்து நின்று, நானும் கைதட்டினேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவனிடம்தான் முழுதாகச் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. வலியால் அழுதிருப்பான் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். டாக்டர் அங்கே இல்லை. அவன் எனக்காக அழுதான்.