தோளில் கை போட்ட படம்

இப்போதெல்லாம் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, ஐயா. பல்கலைக்கழக லிஃப்டில் இத்தனை வருஷம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நான் கண்டதெல்லாம் உச்சந்தலைகள்தான். எவனுக்கு வகிடு கோணல், எவளுக்குப் பொடுகு என்று கேளுங்கள், சொல்கிறேன். முகம் மட்டும் கேட்காதீர்கள்.

ஆண்டு விழாவுக்கு ஒரு நடிகர் வந்தார். என் லிஃப்டில்தான் ஏறினார். என் தோளில் கை போட்டார். சோடாபுட்டி என்று கூட்டாளிகள் கேலி செய்வார்களே, அந்தக் கண்ணாடிப் பையன், அவன் அதைப் படம் பிடித்துப் போனில் எல்லாருக்கும் போட்டுவிட்டான். மறுநாளிலிருந்து பிள்ளைகள் என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "தாத்தா, அந்தச் சட்டையைத் துவைச்சிடாதீங்க" என்றாள் ஒருத்தி. இந்தப் பைத்தியமெல்லாம் எனக்குப் பிடிக்காது. சட்டையைத் துவைக்கவில்லை, அது வேறு விஷயம்.

அப்புறம் ஒரு பாடகி வந்தாள். அவள் படியில் ஏறிப் போனாள். பிள்ளைகளும் படியைத் தொட்டுக் கும்பிடப் போய்விட்டார்கள்.

போன வாரம் சோடாபுட்டியிடம் அந்தப் படத்தைக் காட்டச் சொன்னேன்.

"அதுவா? இப்ப யாரு தாத்தா அதைப் பாக்குறா? அழிச்சிட்டேன்" என்றான், தலை நிமிராமல். எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுகிற வயசா இது?

மறுநாள் பழுது பார்க்க வந்தவர்கள் லிஃப்டை மேலே நிறுத்திவிட்டு, மூன்றாம் மாடிக் கதவைத் திறந்துபோட்டு, குறுக்கே கயிறு கட்டிப் பலகை மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். நான் கயிற்றை அவிழ்த்தேன். பலகையைச் சுவரோரம் சாய்த்தேன். அவ்வளவுதான். யாரையும் பிடித்துத் தள்ளவில்லை. உள்ளே லிஃப்ட் இல்லையென்று கண் இருக்கிறவனுக்குத் தெரியாதா? ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கட்டுமே என்றுதான் நினைத்தேன். சோடாபுட்டிக்கு வகுப்பு முடிகிற நேரம் எனக்குத் தெரியும். போனைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"ஏறுப்பா" என்றேன். பழக்கதோஷம்.

ஏறினான்.

அவன் அடியில் கிடக்கிறான், போன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கிறது. கூட்டாளிகள் ஓடிவந்து குழிக்குள் ஆளாளுக்குப் போனை நீட்டினார்கள். "தாத்தா, கொஞ்சம் தள்ளுங்க, மறைக்குது" என்றான் ஒருவன். பார்த்தீர்களா, இதைத்தான் நான் சொல்கிறேன்.

எழுதியாயிற்றா? கைநாட்டு வைத்துவிட்டுப் போகிறேன், காவலர் கூப்பிடுகிறார். நான் கொலைகாரன் என்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை.

ஒன்று மட்டும், ஐயா. அவர்கள் பிடித்த படத்தை இப்போது ஊரே பார்க்கிறதாமே. அன்றைக்கு அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தேன். தோள்பக்கம் நன்றாகத் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.