வெளுப்புத் தொட்டியில் என் தம்பி கை விட்டது பற்றி

என்னைச் சலவைக் கூடத்தில் பெரியக்கா என்றே கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தொன்று. கூடத்துக்குப் பின்தெருவில் மாடி அறை ஒன்றில் தம்பியுடன் குடியிருக்கிறேன். இஸ்திரி மெஷினில் வேலை. மேற்பார்வையாளர் கொடுத்த புகாரின் பேரில் போலீஸ் நிலையத்தில் விசாரிக்கப்பட்டு, யாருடைய வற்புறுத்தலும் இன்றி நான் சொல்வதாவது:

என் தம்பிக்கு ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோய் இருக்கிறது. தன் கை அழுக்கால் யாராவது செத்துப்போவார்கள் என்ற எண்ணம் வந்துகொண்டே இருக்கும். கையைக் கழுவினால் கொஞ்சம் அடங்கும், பிறகு மறுபடி வரும். அர்த்தமில்லாத பயம் என்று அவனுக்கே தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியாததுதான் நோய் என்றார் டாக்டர். மாத்திரையும் பயிற்சியும் தொடங்கிய பிறகு, மூட்டை ஏற்றும் வேலையில் நன்றாகத்தான் இருந்தான்.

அதன் பிறகு விஷயம் மேற்பார்வையாளர் காதுக்குப் போய், ஓசிடி என்றால் சுத்தத்தில் கெட்டிக்காரன் என்று அவர் நினைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளில் கறை பார்க்கும் மேஜையில் அவனைப் போட்டார். நான் நேரில் போய், "சார், அது சுத்தம் இல்ல, பயம். அவனை அங்க போடாதீங்க" என்றேன். "எனக்கும்தாம்மா ஓசிடி. மேஜையில பேனா கோணலா இருந்தா தாங்காது" என்று சிரித்தார்.

சம்பவத்தன்று காலை, புதிதாகத் துணி கொடுக்கப்போகிற ஆஸ்பத்திரிக்காரர்கள் இருவர் கூடத்தைப் பார்க்க வந்தார்கள். தம்பி கறை கண்டுபிடிக்கும் வித்தையை மேற்பார்வையாளர் அவர்களுக்குக் காட்டுவதற்காக, மெஷின் கிரீஸைக் கட்டைவிரலால் தொட்டு, துவைத்த விரிப்பு ஒன்றில் தேய்த்து, தம்பிக்குத் தெரியாமல் அடுக்கின் நடுவில் செருகினார். துணி மடிக்கிற அம்மா அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். அதன் பிறகு தம்பி அந்தக் கறையைக் கண்டு, தன் கை பட்டுத்தான் வந்தது என்று பதறி ஓடி, வெளுப்பு மருந்துத் தொட்டியில் கையுறை இல்லாமல் இரண்டு கைகளையும் விட்டு நின்றான். "பாத்தீங்களா, நம்ம ஆளு எவ்வளவு சுத்தம்னு" என்றாராம் மேற்பார்வையாளர். மடிக்கிற அம்மா வந்து என் தோளை உலுக்கிய பிறகுதான் எனக்குத் தெரியும். நான் இழுத்தபோது தோல் வெந்து வெளுத்திருந்தது. "இரு அக்கா, அழுக்கு இன்னும் போகல" என்றான்.

அதன் பிறகு அவன் கைகளைக் குழாயடியில் பிடித்து, அந்த அம்மாவிடம் அவனை விட்டுவிட்டு, துணி அலசிய தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு மேற்பார்வையாளர் அறைக்குப் போனேன். அழுக்குத் தண்ணீரை அவர் தலையில் ஊற்றினேன். வாளியையும் வீசினேன். அவர் மூக்குக் கண்ணாடி உடைந்ததும் நெற்றி கிழிந்ததும் உண்மை. ஆத்திரத்தில் கண் தெரியாமல் செய்தாயா என்று கேட்கிறீர்கள். கண் நன்றாகத் தெரிந்தது. அந்த ஆளைப் பார்த்துத்தான் வீசினேன்.

புகாரில், தம்பி ஒரு பைத்தியம், தானாகவே கையை விட்டான் என்று இருக்கிறது. இந்த வாக்குமூலத்தில் அவனைப் பற்றி எழுதும் இடத்தில் அந்தச் சொல்லை எழுத்தர் எழுதியபோது அதை அடித்துவிடச் சொல்லி, நோயின் பெயரை எழுத வைத்தேன்.

இன்று ஆஸ்பத்திரியில் தம்பியைப் போய்ப் பார்த்தேன். கிரீஸ் தேய்த்தது யார் என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. "அவ்வளவு பெரிய மனுஷன் எதுக்குக்கா அப்படிப் பண்ணப்போறாரு? என் கைதான்" என்கிறான். எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். அந்த ஆள் அவன் கட்டில் அருகே வந்து நின்று, நான்தான் தேய்த்தேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும்.

படித்துக் காட்டக் கேட்டேன். ஒரு வார்த்தையும் பொய்யில்லை.

(கையொப்பம்)