வெட்டக்கூடாத அட்டைகள்

– ஐயையோ டெய்லர் மாமா! எல்லாத்தையும் வெட்டிட்டீங்களா?

– கத்தாத மேடம். உங்கம்மா உள்ள குளிச்சுக்கிட்டிருந்தாலும் காது வெளியிலதான் இருக்கும். ஒரே அட்டையில ரெண்டு ரெண்டு எழுத்து ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. பாவம், டீச்சரம்மாவுக்கு வெட்ட நேரமில்ல போலன்னு நெனச்சேன். எங்க கடையில ரெண்டு காலர் ஒட்டியிருந்தா வெட்டித்தான் ஆகணும். தொழில் பழக்கம். பாரு, ஓரம் எவ்வளவு சுத்தமா வந்திருக்கு!

– சுத்தமா இருந்து என்ன? அது ஒட்டித்தான் இருக்கணும். நாளைக்கு அம்மா ஒண்ணாங்கிளாஸ் பசங்களுக்குக் காட்டணும்.

– ஒண்ணாங்கிளாஸ்ல நான் தூங்கிட்டேன். நீ ரெண்டாங்கிளாஸ், படிச்ச மனுஷி. வெவரமா சொல்லு.

– கவனிங்க. இது அக்கன்னா, மூணு புள்ளி. இது ப. தனித்தனியா இருந்தா வேற வேற சத்தம். பக்கத்துல பக்கத்துல உக்காந்தா ஒரே சத்தம். ஃப! மேல்பல்லைக் கீழ் உதட்டுல வச்சு ஊதணும்.

– ஃப்ப்பூ...

– சீ! மூஞ்சியெல்லாம் எச்சி!

– எனக்கு முன்பல்லு ஒண்ணு இல்லையே மேடம். காத்து அந்தச் சந்துல பூந்து ஓடிடுது.

– எனக்கும்தான் இல்ல. எனக்கு வருதே. ஃப, ஃபா, ஃபே.

– உனக்குத் திரும்ப மொளைக்கும். அந்தத் தைரியத்துல வருது.

– சிரிக்காதீங்க. இந்த நீள அட்டையிலயும் மூணு புள்ளிய வெட்டிட்டீங்க. இப்ப படிங்க.

– பேன்... சுத்துது.

– அம்மா எழுதினது ஃபேன்!

– அடக் கடவுளே. நாளைக்கு ஒண்ணாங்கிளாஸே தலையைச் சொறியப் போகுது.

– கோந்து எடுத்துட்டு வரவா?

– கோந்து காயறதுக்குள்ள உங்கம்மா தலை காஞ்சிடும். மெஷின்ல ஒரு ஜிக்ஜாக் தையல் ஓட்டிடலாம்.

– அட்டையையா?

– கெட்டி ஊசி போட்டா ஓடும். நீ ஜோடி சேத்துக் குடு, நான் மிதிக்கிறேன். விரலைத் தள்ளி வை.

– மெஷின் சத்தம் கேட்டா அம்மாவுக்குச் சந்தேகம் வராதா?

– இந்த வீட்டுல மெஷின் ஓடலைன்னாத்தான் சந்தேகம் வரும்.

– இந்தாங்க. ஃ, பா.

– ம். அப்புறம்... நாளைக்கு உங்க கிளாஸ்ல ஆளுக்கு ஒருத்தரை வீட்லேருந்து கூட்டிட்டு வரணுமாமே. எழுந்து நின்னு, இவர் எனக்கு இன்னாருன்னு சொல்லணுமாமே.

– ம்.

– அந்த நேரம் பாத்து உங்கம்மாவுக்கு அவ கிளாஸ் இருக்கு. வர முடியாது.

– தெரியும். ஃ, போ.

– எனக்கு நாளைக்குக் கடையில பெருசா வேலை இல்ல. சும்மா சொன்னேன்.

– ம்.

– ஒரு சட்டைகூட அயர்ன் பண்ணி வச்சிருக்கேன். அதுவும் சும்மாதான்.

– தையல் கோணலா போகுது மாமா.

– போகாம என்ன செய்யும்? உங்கம்மாவைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி நீ எனக்கு வச்ச பேரு டெய்லர் மாமா. நல்ல பேருதான், குறையே இல்ல. நாளைக்கும் மாமான்னே சொல்லு. இல்ல, பக்கத்து வீட்டுக்காரர்னு சொல்லு. ஸ்கூலுக்குத் திரை தைக்க வந்தவர்னு சொன்னாலும் டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு வந்து நிப்பேன். ஆனா வரலாமா, வேண்டாமா? எப்பக் கேட்டாலும் ம்முன்னா நான் என்னத்தைப் புரிஞ்சுக்க? சுத்தி வளைக்காம ஒரு வார்த்தை சொல்லு தாயி.

– மெஷினை நிறுத்துங்க.

– நிறுத்திட்டேன்.

– தையல்கடை வச்சிருக்கிற எங்க அப்பா வர்றாருன்னு மிஸ்கிட்ட போன வாரமே சொல்லிட்டேன். சொன்னா நீங்க அழுவீங்கன்னுதான் உங்ககிட்ட சொல்லல.