பதினொரு நிமிடம் இணைப்பு நின்றது தொடர்பாக

எனக்கு வயது முப்பத்தெட்டு. தகவல் தொடர்பு நிலையத்தின் பின்புறக் குடியிருப்பில், மூன்றாம் மாடியில், மனைவியுடனும் மாமியாருடனும் வசித்து வருகிறேன். மேற்படி நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஒன்பது வருடங்களாக ஆபரேட்டராக இருக்கிறேன். குற்றம் சாட்டப்பட்டுள்ள தலைமைப் பொறியாளரை நாங்கள் அக்கா என்றே அழைப்போம். உறவு ஏதும் இல்லை.

சம்பவத்தன்று காலை பத்து மணியளவில் மலைச்சரிவில் மண் சரிந்து தரைவழிக் கேபிள் அறுந்தது. அதன் பிறகு எல்லா இணைப்புகளும் செயற்கைக்கோள் வழிக்கு மாறின. செயற்கைக்கோள்கள் நகர்ந்துகொண்டே இருப்பவை. ஒன்று நகர்ந்தால், தரையிலுள்ள நாலாயிரம் நிலையங்களும் புது வழியைக் கணக்கிட்டு ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டன. சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது நகர்ந்தது. வழி சொல்லும் செய்திகளே வழியை அடைத்துக்கொண்டன. பன்னிரண்டு மணிக்கு மதகைத் திறக்கப்போவதாக அணைக் காவலர் அனுப்பிய எச்சரிக்கை, ஆற்றோரத்துப் பதினாலு ஊர்களில் இரண்டுக்குத்தான் போயிருந்தது. போகாத ஊர்களில் ஒன்றில் என் தங்கை இருக்கிறாள் என்பதை நான் மறைக்கவில்லை.

அதன் பிறகு அக்கா மேலாளரிடம் சென்று, நிலையங்களை எழுபது குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு தலைமை நிலையம் மட்டும் வானத்து வழியைக் கவனித்தால் போதும், மற்றவை தம் தலைமையை அறிந்திருந்தால் போதும் என்றும், அதற்கு எல்லா இணைப்புகளையும் சிறிது நேரம் நிறுத்த வேண்டும் என்றும் கூறினார். இதையே அவர் இரண்டு வருடம் முன்பு எழுதிக் கொடுத்து, அது திரும்பி வந்ததை நான் அறிவேன். மேலாளர், தலைமை அலுவலக அனுமதி வேண்டும் என்றார்.

"அனுமதி எந்த லைன்ல சார் வரும்? அதான் அடைச்சுக் கிடக்கே" என்று அக்கா கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

அதன் பிறகு பதினொன்று இருபதுக்கு, அனுமதிக்குக் காத்திராமல், அக்கா இணைப்புகளை நிறுத்தினார். நான் குழு எண்களை வாசிக்க, அவர் தட்டச்சு செய்தார். செயற்கைக்கோள் மறுபடி நகர்ந்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"எப்போ எங்க வரும்னு நமக்குத்தான் தெரியுமேப்பா. டைம்டேபிள் போட்டு அந்த எழுபது ஸ்டேஷன் கையில குடுத்துட்டா அதுங்க ஏன் பதறப்போகுது?" என்றார்.

மேசைத் தொலைபேசி விடாமல் அடித்தது. அவர் எடுக்கவில்லை. நாற்பத்து மூன்றாவது குழுவில் ஓர் எண் தவறியது. "இருப்பா" என்று சொல்லி, அழித்து, முதலிலிருந்து அடித்தார். நானாக இருந்தால் அப்படியே விட்டிருப்பேன்.

பதினொன்று முப்பத்தொன்றுக்கு இணைப்புகள் திரும்பின. எச்சரிக்கை போய்ச் சேர்ந்த ஊர்களின் எண்ணிக்கை திரையில் ஐந்து என்றும், ஒன்பது என்றும் வந்தது. முப்பத்து நான்குக்குப் பதினாலாவது ஊரிலிருந்தும் பதில் வந்தது. அதன் பிறகு அக்கா வெளியே போய், வெகு நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். அன்று ஆற்று வெள்ளம் நூற்றுப்பத்து வீடுகளில் புகுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. என் தங்கை மூன்று பிள்ளைகளோடு மேட்டில் இருந்தாள்.

அந்தப் பதினொரு நிமிடம் யாருடைய அழைப்பும் போகவில்லை என்பது உண்மை. எண்களை வாசித்தது நான் என்பதும் உண்மை. என் பெயரையும் அவர் பெயருக்குக் கீழே சேர்த்துக்கொள்ளலாம்.

மேற்கண்டவை நான் கண்டபடி, யாருடைய வற்புறுத்தலும் இன்றிச் சொன்னவை. படித்துக் காட்டியபோது, இணைப்புகளை அவர் 'முடக்கினார்' என்று எழுதப்பட்டிருந்ததை 'நிறுத்தி வைத்தார்' என்று மாற்றும்படி கேட்டேன். மாற்றிய பிறகே கையொப்பமிட்டேன்.

(ஒப்பம்)
ஆபரேட்டர், கட்டுப்பாட்டு அறை