சேர்த்துப் படித்த பெயர்

பௌர்ணமிக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை. வேங்கிக்கால் செல்லும் நகரப் பேருந்தில், என் முன் இருக்கையில் அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நேத்தும் ரேடியோவுல உங்க மாமா பேரு வந்துச்சுடி."

"மாமா செத்து ஆறு மாசமாவுதேக்கா! நேயர் விருப்பத்துக்கு யாரு அவர் பேருல எழுதிப் போடறது?"

"நீதான்னுல்ல நெனச்சேன்."

"எனக்கு எதுக்குக்கா அந்த வேல?"

"இருந்த வரைக்கும் தன் பேரு மட்டும்தான் போடுவாரு. என் பேரையும் சேத்துப் போடுங்கன்னு எத்தினி சண்ட! நேத்து ரெண்டு பேரையும் சேத்துப் படிச்சாங்க."

தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே அந்த ரேடியோவ போடாதக்கா. எங்கூட வந்துடு."

"போடி பயந்தாங்கொள்ளி. இப்பதான் அந்த மனுசனுக்கு என் நெனப்பே வந்திருக்குது."

ஆட்சியர் அலுவலக நிறுத்தம் வந்ததும் அக்கா எழுந்தாள்.

"எறங்குடி. ரேடியோவுக்கு பேட்டரி வாங்கணும்."